கனி அண்ணனின் கண்டார் தடியும் இரண்டு வாத்தியார்களும்

போன மாதம் புதிய பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு இளம் விரிவுரையாளர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். வடிவமைப்பு படிக்கும் மாணவர்களுக்குக் கலைப் பாடங்களையும் விஞ்ஞானத்தையும் ஒரே வகுப்பில் சேர்த்துச் சொல்லித்தரப் போகிறார்களாம். "பினாங்குத் தீவில் இதுதான் முதல் முயற்சி, சார்" என்றார் ஒருவர். நான் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அதில் கொஞ்சம் மூக்கு வழியாக வந்துவிட்டது.

முதல் முயற்சி எது என்பதில் நான் கறாரானவன். வரலாற்று வாத்தியாராக இருந்தவனுக்கு அது ஒரு வியாதி. என் திருமணத்தில் தாலி கட்டி முடித்ததும் நான் முதலில் பார்த்தது பெண்ணின் முகத்தை அல்ல, சுவர்க் கடிகாரத்தை என்று என் மனைவி இன்றும் சொல்லிக்காட்டுவாள். ஆகவே முதல் முயற்சி எப்போது நடந்தது என்பதை எழுதிவிடுகிறேன். ஆண்டு 1934. சாகுல் மாஸ்டர் இன்று இருந்தால் 1933 என்பார். அவர் விஞ்ஞான வாத்தியார். தராசு முள்ளைத் தவிர வேறு எதையும் அவர் உற்றுப் பார்த்ததில்லை.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஜார்ஜ்டவுனில் பிறந்தேன், பாதிரிமார் நடத்திய பள்ளியில் படித்தேன், அவர்களே எனக்கு வேலையும் கொடுத்தார்கள். படிக்கக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பொட்டலம் கட்டிவந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் வடையைத் தின்பேன். பிறகு ஒரு தொழிற்பள்ளியில் மாலை வகுப்புக்கு வாத்தியார் தேவை என்று அழைத்தார்கள். அன்று இங்கே பல்கலைக்கழகம் ஏது? பகலில் பட்டறையிலும் அச்சகத்திலும் நகைக்கடையிலும் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் குளித்து, தலை வாரி, வடிவமைப்பு படிக்க வரும் இளைஞர்களுக்கு அந்த வகுப்புதான் பல்கலைக்கழகம்.

பள்ளித் தலைவர் ஆரோக்கியம் ஐயா. ஒல்லியான மனிதர். குரல் அதைவிட ஒல்லி. யாரையும் அவர் திட்டியதில்லை. ஒரு மாணவன் தான் செய்த பொருளைக் கொண்டுவந்து வைத்தால், அதைச் சுற்றி ஒரு முறை நடப்பார். பிறகு, "இதைப் பயன்படுத்திப் பாத்தீங்களா தம்பி?" என்று கேட்பார். அவ்வளவுதான். ஒருமுறை ஒரு பையன் செய்திருந்தது கல்லறைக்கு வைக்கும் சிலுவை. அவனிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

எங்கள் வகுப்பில் இரண்டு பெஞ்சுகள். தச்சர், இயந்திரப் பட்டறைக்காரர், நில அளவை அலுவலகப் பையன்கள் எல்லாம் சாகுல் மாஸ்டர் பெஞ்சு. விளம்பரப் பலகை எழுதுபவர், நகை வேலைக்காரர், அச்சுக் கோப்பவர் எல்லாம் என் பெஞ்சு. அவர் எடை, நீளம், விசை என்று சொல்லித்தருவார். நான் ஒரு நாற்காலி ஏன் அரசனுக்கு உயரமாகவும் குமாஸ்தாவுக்குக் குட்டையாகவும் ஆனது என்று கதை சொல்லுவேன். ஒரே அறை, ஒரே நேரம். அவர் பேசும்போது நான் இருமுவேன். நான் பேசும்போது அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போடுவார்.

இதற்கு ஆரோக்கியம் ஐயா ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு மாணவனும் தன் பொருளை இரண்டு முறை விளக்க வேண்டும். முதல் முறை வாயைத் திறக்கக் கூடாது. கரும்பலகையில் படமும் எண்ணும் மட்டும். இரண்டாம் முறை கைகளைப் பின்னால் கட்டிவிடுவார். வாயால் மட்டும் சொல்ல வேண்டும், இது யாருக்காக, அவர் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார், பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பதையெல்லாம். கையைக் கட்ட அவரே தம் கைக்குட்டையைத் தருவார். அது எப்போதும் சலவை செய்து மடித்து வைத்திருக்கும். கட்டும்போது "இறுக்கமா இருக்கா தம்பி?" என்று விசாரிப்பார்.

சாகுல் மாஸ்டர் பெஞ்சில் லிம் என்று ஒரு பையன். சவப்பெட்டி செய்யும் குடும்பம். ஆளைப் பார்த்தவுடனே உயரமும் தோள் அகலமும் சொல்லிவிடுவான். ஆனால் நின்ற மனிதனை அவன் மனத்தில் படுக்கவைத்துத்தான் அளப்பான். அவன் செய்த முதல் பெஞ்சில் படுக்கலாம், உட்கார முடியாது. கையைக் கட்டிய உடனே லிம் ஊமையாகிவிட்டான். கடைசியில், "சார், படுத்தா புரியும் சார்" என்றான்.

என் பெஞ்சில் அந்தோணி. பாகான் டாலாமிலிருந்து படகில் வருவான். கடைப் பலகை எழுதுவதில் கெட்டிக்காரன். வாயை மூடிக்கொண்டு எண்ணால் விளக்கு என்றதும், கரும்பலகையில் 4 என்று எழுதி, அதற்கு நிழல் கொடுத்து, பூங்கொடி சுற்றி, அழகு பார்த்துக்கொண்டு நின்றான். நாலு என்ன என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மேலிடத்துக் கமிட்டியிலிருந்து சேதி வந்தது. ஒரே வகுப்புக்கு ஏன் இரண்டு வாத்தியார்? ஊருக்குப் பயன்படும் ஒரு பொருளைச் செய்து காட்டுங்கள். அது உருப்படியாக இருந்தால் வகுப்பு தொடரும். இல்லாவிட்டால் வகுப்பை மூடிவிட்டு, சாகுல் மாஸ்டரைப் பகல் பள்ளிக்கும் என்னைப் புக்கிட் மெர்தாஜாமுக்கும் அனுப்புவோம்.

புக்கிட் மெர்தாஜாம் நல்ல ஊர்தான். ஆனால் அதற்கும் எனக்கும் நடுவில் கடல் இருக்கிறது. படகு கரையில் கட்டியிருக்கும்போதே எனக்குக் குமட்டும். தினமும் போகவர இரண்டு முறை என்று நினைத்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மாணவர்களுக்கோ அதைவிடப் பெரிய கவலை. வகுப்பு பாதியில் நின்றால் சான்றிதழ் கிடையாது. வரைபட அலுவலகங்களில் சான்றிதழ் இல்லாதவனுக்கு வாசலோடு சரி.

என்ன செய்வது என்று யோசித்தபோது பள்ளி வாசலில் கனி அண்ணன் நின்றார். அவர் கண்டார் சோற்றுக்காரர். தோளில் ஒரு தடி, அதுதான் கண்டார். தடியின் இரு முனையிலும் கூடைகள். முன்கூடையில் கறிச் சட்டிகள், பின்கூடையில் சோற்றுப் பானையும் எனாமல் மங்குத் தட்டுகளும். வாடிக்கையாளர்கள் சுற்றிக் குந்தி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கனி அண்ணன் அடக்கமானவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தம் மீன் குழம்பைக் குடித்து ஒரு கப்பல் கேப்டன் ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டதாக எல்லாரிடமும் சொல்வார். கேப்டன் யார் என்று கேட்டால், "இறந்துட்டார்" என்பார்.

எங்கள் யோசனையைச் சொன்னோம். "எனக்குப் புதுக் கண்டார் செய்யப் போறீங்களா மாஸ்டர்? செய்ங்க. பவுன் நெறத்துல செய்ங்க" என்றார்.

முன்கூடை சாகுல் மாஸ்டர் பெஞ்சு, பின்கூடை என் பெஞ்சு என்று பிரித்துக்கொண்டோம். அன்று மாலை ஆரோக்கியம் ஐயா எங்கள் இருவரையும் அழைத்தார். "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் பேசறதை ஒருத்தர் கேட்டிருக்கீங்களா?" என்றார். வெளியே வந்தபோது இருவருக்கும் வெட்கமாக இருந்தது. ஆனால் அதை ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை.

நான் நூலகத்திலிருந்து பௌதிகப் புத்தகம் எடுத்துவந்து முழுவதும் படித்தேன். மனிதன் சுமக்கும் ஒவ்வொரு ராத்தலும் அவன் தோளுக்குத் தண்டனை என்று புரிந்தது. மறுநாள் என் பெஞ்சிடம், "கதை போதும். எடையைக் குறையுங்கள்" என்றேன். பையன்கள் பயந்துபோனார்கள். பிறகு உற்சாகம் பிடித்துக்கொண்டது. மூங்கிலை இழைத்து இழைத்துக் காகிதமாக்கினார்கள். கூடையின் அடிப்பலகையில் துளை போட்டார்கள். பானை மூடியின் குமிழை அறுத்தார்கள். அந்தோணிதான் பாவம். கனி அண்ணன் பெயரைப் பெரிதாக எழுத ஆசைப்பட்டான்.

"பெயிண்டுக்கும் எடை உண்டா சார்?"

"உண்டு."

"அப்போ 'கனி' மட்டும் எழுதறேன் சார். மெலிசா."

அதே வாரங்களில் சாகுல் மாஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? தினமும் வாசலில் குந்தி உட்கார்ந்து கனி அண்ணன் வாடிக்கையாளர்களின் கதையைக் கேட்டிருக்கிறார். வாழ்க்கையில் முதல் முறையாக மனிதர்கள் பேசுவதைக் கேட்டதில் மனிதர் உருகிவிட்டார். முழங்கால் வலிக்காரர் ஒருவர் உட்கார முக்காலி கேட்டார். உடனே மடக்கு முக்காலி. இன்னொருவர் தொப்பி மாட்ட ஆணி கேட்டார். வெற்றிலைப் பெட்டி வைக்க இழுப்பறை, மழைக்குக் குடை செருக ஓட்டை, பத்திரிகைக்குத் தட்டு, சாப்பிட்டதும் மீசையில் குழம்பு இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடி. யாருக்கும் இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "மனுசன் கேக்கறதைக் குடுக்கறதுதான் வடிவமைப்பு" என்று லிம்மிடம் சொன்னாராம். இது என் வாக்கியம். நான் சொன்னபோது அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டார்.

இரண்டு கூடையும் தனித்தனி அறைகளில், துணி போர்த்தியபடி இருந்தன. ஒத்திகை பார்த்தோம், ஆனால் பழைய கூடைகளை வைத்து. புதியவற்றில் வார்னிஷ் காயவில்லை.

அந்த வியாழக்கிழமை மாலை கமிட்டி வந்தது. மூன்று பேர். தலைவர் ஒரு துரை, பொறியாளர். அடுத்தவர் தவுக்கே, அரிசி ஆலை வைத்திருந்த சீன முதலாளி. மூன்றாமவர் நம்மவர், ஒரு வக்கீல் ஐயா. துணியை எடுத்தோம். சாகுல் மாஸ்டர் என் கூடையைப் பார்த்தார். நான் அவர் கூடையைப் பார்த்தேன். அவருடையது ஒரு சிறிய வீடு. என்னுடையது பறந்துபோகாமல் இருந்ததே பெரிது.

சட்டிகளை வைத்து, தடியை மாட்டி, கனி அண்ணன் பிஸ்மில்லா சொல்லித் தூக்கினார். முன்கூடை தரையை விட்டு அசையவில்லை. பின்கூடை மட்டும் சோற்றுப் பானையோடு மெதுவாக வானத்தை நோக்கி எழுந்தது.

"என்ன மாஸ்டர், ஊஞ்சலா செஞ்சிருக்கீங்க?" என்றார் கனி அண்ணன்.

சாகுல் மாஸ்டர் விழித்துக்கொண்டார். "தோளை முன்னாடி கொண்டுபோங்க கனி அண்ணே. கனமான பக்கத்துக்குக் கிட்ட போனா சமமாயிடும்."

விஞ்ஞானப்படி அது சரிதான். கனி அண்ணன் முன்னால் நகர்ந்தார், இன்னும் நகர்ந்தார். கூடை நெஞ்சில் முட்டியது. ஆனால் தடி சமமாகிவிட்டது. இனி ஓர் அடி எடுத்துவைத்தால் முகம் பருப்புக் குழம்பில். கண்ணாடி சரியாக மூக்குக்கு நேரே இருந்ததால், கனி அண்ணன் அப்படியே நின்று மீசையை ஒதுக்கிக்கொள்ள ஆரம்பித்தார்.

துரை வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தம் பைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குக் கடல் தெரிந்தது.

"லிம், அந்த முக்காலி, இழுப்பறை எல்லாத்தையும் கழட்டு" என்றேன்.

"கழட்ட முடியாது சார்."

"ஏன்?"

"எங்க வீட்டு மூட்டு சார். ஒருதரம் மூடினா மூடினதுதான். யாரும் திறந்து வெளிய வரக் கூடாது லா."

"பின்னாடி ஒரு கல்லை வைக்கலாமா?" என்றான் அந்தோணி.

"கல்லைத் தூக்கி விக்க நான் என்ன கொத்தனாரா?" என்றார் கனி அண்ணன், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்போது சாகுல் மாஸ்டர் என் காதருகே வந்தார். நாங்கள் அத்தனை நெருக்கமாக நின்றது அதுவே முதல் முறை. "வாத்தியாரே, முன்கூடையில கழட்டக்கூடியது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"என்ன?"

"கறி."

எனக்குப் புரிந்துவிட்டது. கமிட்டியின் முன் போய் நின்று, "அடுத்து, பயன்பாட்டுச் சோதனை" என்று அறிவித்தேன். ஆரோக்கியம் ஐயா ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு துரையிடம் தம் ஒல்லிக் குரலில், "சாப்பிட்டுப் பாத்தீங்களா?" என்றார்.

மூவருக்கும் தட்டு வைத்தோம். ஆனால் ஒரு சிக்கல். சோறு இருப்பது லேசான கூடையில். சோற்றைச் சாப்பிட்டால் அது இன்னும் லேசாகும். ஆகவே ஒரு கரண்டிச் சோறு, அதன்மேல் குளம்போல ஆட்டுக்கறி, மீன் குழம்பு, பருப்பு. தவுக்கே கொஞ்சம் சோறு கேட்டார். அந்தோணி ஓடிப்போய் இன்னும் ஒரு மீன் தலையை வைத்தான். சாகுல் மாஸ்டர் தலைக்குமேல் கையை உயர்த்தி, "எலும்பெல்லாம் பின்கூடையில போடுங்க, எலும்பு பின்கூடை" என்று கூவிக்கொண்டிருந்தார். சாப்பிட்ட தட்டு, கை கழுவின தண்ணீர்ச் சட்டி, எல்லாம் பின்னால் போயின. நான் வக்கீலுக்குக் கதை சொல்லிக்கொண்டே பரிமாறினேன். கப்பல் கேப்டன் கதையைத்தான். இந்த முறை அவர் உயிரோடு இருந்தார்.

நாலாவது சுற்றில் துரை கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். லிம் அவரை மேலும் கீழும் பார்த்து, "அகலம் கூடிப்போச்சு சார்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

வெண்டைக்காய்ச் சட்டி காலியானபோது முன்கூடை அசைந்தது. கனி அண்ணன் தடியின் நடுவுக்கு வந்தார், தூக்கினார். இரண்டு கூடையும் ஒன்றாக எழுந்தன. அவர் வாசல்வரை நடந்து, திரும்பி, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் வந்து நின்றார். சிந்துவதற்கு எதுவும் மீதமில்லை.

துரை எழுந்தார், நிற்க முடியாமல், இறக்கிவைத்த முன்கூடையில் முழங்கால் வலிக்காரருக்காகச் செய்த முக்காலியை விரித்து உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். "சமமானது பொருளாலா, நாங்கள் சாப்பிட்டதாலா? ஒரு சோதனையை வைத்து எதுவும் முடிவு செய்யக் கூடாது. திரும்பச் செய்து பார்க்க வேண்டும்."

"வழக்கை ஒத்திவைக்கலாம்" என்றார் வக்கீல், கண்ணை மூடியபடி.

"அடுத்த வியாழன் கோழி உண்டா?" என்று தவுக்கே கேட்டார்.

அடுத்த வியாழன் வந்தார்கள். அதற்கடுத்த வியாழனும் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் தடி சாய்ந்திருக்கும், சாப்பிட்டு முடிக்கும்போது சமமாகும், முடிவு ஒத்திவைக்கப்படும். ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போது வகுப்பை மூட விதி இல்லை என்று வக்கீலே எங்களுக்குச் சொன்னார். பையன்களுக்கு இருந்த ஒரே வேலை, தடி தானாகச் சமமாகிவிடாமல் பார்த்துக்கொள்வது. முதலிலேயே சமமாக இருந்தால் ஆய்வு முடிந்துவிடும். கடைசிவரை சமமாகாவிட்டால் வகுப்பு முடிந்துவிடும். இந்த நூலிழையில் நிற்க எவ்வளவு சேர்ப்பது, எவ்வளவு செதுக்குவது என்று சாகுல் மாஸ்டர் கணக்குப் போடுவார். தவுக்கேக்கு எது பிடிக்கும், துரை எதில் இரண்டாம் முறை கை நீட்டுவார் என்று நான் விசாரித்து வருவேன். அந்தப் பையன்கள் அத்தனை பேரும் சான்றிதழ் வாங்கினார்கள். எடையையும் மனிதர்களையும் ஒரே நேரத்தில் அவர்களைப்போல் படித்தவர்களை நான் பிறகு பார்க்கவில்லை.

ஒரு புதன்கிழமை கனி அண்ணன் பட்டறைக்கு வந்து, "மாஸ்டர், இந்த வாரம் சோத்துப் பக்கம் கனமா வைங்க. என் ஆட்டுக்கறி மேல கமிட்டிக்கு ரொம்ப ஆசை வந்துடுச்சு, மத்த ஆளுக்கு மிஞ்ச மாட்டேங்குது" என்றார். நியாயம்தான் என்று அப்படியே செய்தோம்.

அன்று கமிட்டிக்கு மலைபோலச் சோறும், அதன்மேல் பொட்டு வைத்தாற்போல் குழம்பும் போனது. தவுக்கே ஆலைக்காரர், அரிசியைப் பற்றி நாலு வார்த்தை குறை சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளினார். வக்கீலுக்கு வேறு வேலை வந்துவிட்டது. துரை மட்டும் மரியாதைக்காக ஒரு தட்டு முடித்துவிட்டுக் கையைக் கழுவினார். பின்கூடை தரையைவிட்டு எழவில்லை. முடிவை எழுதத் துரை பேனாவைத் திறந்தார்.

நானும் சாகுல் மாஸ்டரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எதிரெதிரே குந்தி உட்கார்ந்தோம். "வாத்தியார்களும் பயன்படுத்திப் பார்க்கிறார்கள்" என்று ஆரோக்கியம் ஐயா துரைக்கு விளக்கினார். வெறும் சோறு. தண்ணீர்கூடக் குடிக்காமல், வாய் நிறைய வெறும் சோறு. மூன்றாவது தட்டின் நடுவில் சாகுல் மாஸ்டர் மென்றுகொண்டே கேட்டார்:

"வாத்தியாரே, உண்மையைச் சொல்லுங்க. அந்தப் படகு இதைவிட மோசமாவா இருக்கும்?"

நான் யோசித்துப் பார்த்துவிட்டு, நாலாவது தட்டை நீட்டினேன்.